நகலெடுத்ததால் ஒன்றாக இருந்த வரிகள்: ஒரு ரவுட்டர் போர்ட்டிங் அனுபவம்

என்னிடம் ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தன: வி1, வி2. இரண்டிலும் மீடியாடெக் எம்டி7621 சிப். வி1 ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டர்களுக்கான திறந்த மூல லினக்ஸ் இயங்குதளம்) ஓடிக்கொண்டிருந்தது. வி2-ஐயும் சேர்த்துவிடலாம், இரண்டு நாள் வேலைதானே என்று உட்கார்ந்தேன். ஒன்றரை மாதம் இழுத்தது.

முதல் பேட்ச், அதாவது நான் அனுப்பிய முதல் நிரல் மாற்றம், சோம்பேறித்தனமானது. வி1-இன் டிவைஸ் ட்ரீ கோப்பை (போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரக்கோப்பு) அப்படியே நகலெடுத்து, பெயரையும் எல்இடி எண்களையும் மட்டும் மாற்றினேன். ஓடியது. "முக்கால்வாசி வரிகள் ஒன்றாக இருக்கின்றனவே, பொதுவானதைப் பிரித்துவிடுங்கள்" என்று ரிவ்யூவில் சொன்னார்கள். நியாயம்தான். சரி என்று இரண்டு கோப்புகளையும் டிஃப் கருவியால் ஒப்பிட்டு, ஒத்துப்போன வரிகளையெல்லாம் இரண்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொது டிடிஎஸ்ஐ கோப்புக்குள் தள்ளினேன். பார்க்க அழகாக இருந்தது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். வி2-ஐ ரீபூட் செய்யும்போதெல்லாம் டிஹெச்சிபி பட்டியலில் (நெட்வொர்க்கில் ஐபி முகவரி வாங்கிய சாதனங்களின் பட்டியல்) புதிதாக ஒரு சாதனம் முளைத்தது. சீரியல் கன்சோலில் பார்த்தால், ஈதர்நெட் டிரைவர் ஒவ்வொரு முறையும் மேக் முகவரியை, அதாவது சாதனத்தின் அடையாள எண்ணை, தானே உருவாக்கிக்கொள்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் தொழிற்சாலைத் தகவல்கள் இருக்கும் ஃபேக்டரி பார்ட்டிஷனில், வி1 தன் முகவரியை வைத்திருக்கும் ஆஃப்செட்டில் (இடத்தில்), வி2-வில் ஒன்றும் எழுதப்படாமல் வெற்றாக இருந்தது. உடனே பொதுக் கோப்பிலேயே ஆஃப்செட்டை மாற்றினேன். வி2 சரியானது, வி1 கெட்டது!

அந்த வரிகள் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் ஹார்டுவேர் இல்லை, என் நகல். நான் சரிபார்க்காமல் விட்டதையே டிஃப் எனக்கு "பொது" என்று காட்டியிருக்கிறது.

மறுபடி வரி வரியாக உட்கார்ந்தேன். இது சிப்பின் குணமா, போர்டில் செப்புத்தடம் போட்டவரின் முடிவா? நெட்வொர்க் போர்ட்டுகளை இணைக்கும் ஸ்விட்ச் நல்ல உதாரணம். 2021-இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 வெளியீட்டில் இந்தச் சிப் வரிசை, ஸ்விட்ச்சை அமைக்கும் பழைய முறையான ஸ்வகான்ஃபிக்கிலிருந்து புதிய முறையான டிஎஸ்ஏவுக்கு மாறியது. ஒவ்வொரு போர்ட்டும் தனி இன்டர்ஃபேஸ். ஸ்விட்ச்சை ஓட்டும் எம்டி7530 டிரைவர் இரண்டு ரவுட்டருக்கும் ஒன்றுதான். ஆனால் போர்ட் 0 வெளியே எந்தச் சாக்கெட்டில் வந்து நிற்கிறது என்பது போர்டின் கதை. வி1-இல் அது லேன்1. வி2-வில் கேபிளை லேன்1-இல் செருகினால் லேன்4 உயிர்பெற்றது, வரிசையே தலைகீழ்.

அந்த டிரைவரும் இதே பாதையில் போயிருக்கிறது என்பது ஆறுதலாக இருந்தது. எம்டி7988 என்ற இன்னொரு மீடியாடெக் சிப்பில் ஸ்விட்ச் சிப்புக்குள்ளேயே இருப்பதால், எம்டிஐஓ என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியாக இல்லாமல் நேரடியாக மெமரி வழியே அணுக வேண்டும். அதற்காக 2023-இல், லினக்ஸ் கர்னல் 6.4-இல், அணுகும் முறைகளை மட்டும் இரண்டு சின்னக் கோப்புகளாகப் பிரித்துவிட்டு மீதியைப் பொதுவில் வைத்தார்கள்.

என் பொதுக் கோப்பு கடைசியில் பாதியாகச் சுருங்கியது. பார்ட்டிஷன், மேக், போர்ட் பெயர்கள் எல்லாம் அந்தந்தப் போர்டின் கோப்புக்குத் திரும்பின. ரீசெட் பட்டன் இரண்டிலும் சிப்பின் ஒரே ஜிபிஐஓ பின்னில்தான் இருக்கிறது, மல்டிமீட்டர் வைத்தே பார்த்துவிட்டேன். ஆனாலும் பொதுவுக்குக் கொண்டுபோகவில்லை. ரிவ்யூவில் ஒருவர் ஏன் என்று கேட்டார். "வி3 வரட்டும், பார்க்கலாம்" என்றேன். பேட்ச் சேர்ந்துவிட்டது.