பனி குடித்த போன்கள்

"தண்ணிக்குள்ள விழவே இல்ல தம்பி." இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் போன் திருத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் சிம் தட்டை உருவிவிட்டு உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்கவேண்டிய சின்ன ஸ்டிக்கர் சிவந்து கிடக்கும். நீர் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் அது. போன் பீலியிலும் விழவில்லை, ஆற்றிலும் விழவில்லை. பிறகு எப்படி?

பதில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரின் போன் கழிக்கும் ஒரு நாளில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறது. பகல் முழுக்க மலையில், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குக்கு உள்ளே, நனைந்த சட்டைக்கும் உடம்புச் சூட்டுக்கும் நடுவே கிடக்கிறது. மாலையில் குளிர்ந்து விறைத்த நிலையில் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அடுப்படிக்கு வருகிறது. கேத்தல் கொதிக்கும் அந்தக் காற்றில் ஈரம் நிறைய. சூடான ஈரக்காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டால் நீராகப் படியும். கண்ணாடி போட்டவர் அடுப்படிக்குள் நுழையும்போது கண்ணாடி மங்குவது போல. அதே நீர் சார்ஜ் ஓட்டைக்குள்ளும், காதுப்பக்க வலைக்குப் பின்னாலும், டிஸ்பிளே பட்டை மின்சுற்றுப் பலகையில் (போர்டில்) சொருகும் இடத்திலும் படிகிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை விடுவதில்லை. பதுளை, பசறைப் பக்கம் டிசம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை. அவ்வளவு நாளும் தினமும் படிந்தால், ஒரு குளத்தில் விழுந்ததற்குச் சமம்.

"ஐபி68 போன்தானே" என்று கேட்பவர்களுக்கு அந்த எண்ணின் பொருளை விளக்கவேண்டியிருக்கிறது. முதல் எண் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. நீருக்கு 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்து எழுதுகிறார். சோதிப்பது புதுப் போனை, நல்ல தண்ணீரில். சவர்க்கார நீருக்கோ உப்பு நீருக்கோ நீராவிக்கோ அந்த எண் உறுதி தருவதில்லை. நீரைத் தடுப்பது ஓரத்தில் ஓடும் ஒரு மெல்லிய பசைப்பட்டி. ஒருமுறை போனைத் திறந்துவிட்டுப் புதுப் பசை வைக்காமல் மூடினால் அந்த எண் அன்றோடு போய்விட்டது. பெட்டரி வீங்கிப் பின்மூடி ஒரு நூல் அளவு எழும்பினாலும் அப்படித்தான்.

ஈரம் மட்டும் இருந்தால் போன் பெரும்பாலும் பிழைக்கும். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் செம்பு கரைகிறது. யூஎஸ்பி சி ஓட்டைக்குள் 24 முனைகள் இருக்கின்றன. அவற்றில் 5 வோல்ட் வரும் முனைகள்தான் முதலில் கறுத்து அரிக்கும். ஈரமான ஓட்டையில் சார்ஜரைச் சொருகி இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் அந்த முனை கரித்துண்டு மாதிரி இருக்கும். ஆகவே ஈரம் பட்ட போனுக்கு முதல் வைத்தியம் ஒன்றுதான்: அணைத்து வைப்பது. "வேலை செய்யுதான்னு ஒருக்கா போட்டுப் பார்த்தேன்" என்ற அந்த ஒரு தரம் பல போர்டுகளின் உயிரை எடுத்திருக்கிறது.

அரிசிக்குள் புதைப்பதை எல்லா ஊரிலும் செய்கிறார்கள். மலைநாட்டில் அது இன்னும் வீண்வேலை, ஏனென்றால் அடைமழைக் காலத்தில் அரிசியே ஈரம் குடித்து நிற்கிறது. அது எதை இழுக்கும்? அரிசித் தவிடும் மாவும் ஓட்டையை அடைப்பதுதான் மிச்சம். அரிசியில் வைக்கவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைப்பது அதைவிட ஆபத்து. லித்தியம் பெட்டரி 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகக்கூடாது, புகைக்கரியும் உள்ளே இறங்கும். தலைமயிர் காயவைக்கும் மெஷினின் காற்றோ ஓரத்தில் நிற்கும் நீரை உள்ளே தள்ளிவிடும்.

மேசையில் நடக்கவேண்டியது இதுதான். பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலை பெட்டரி இணைப்பைக் கழற்றுவது. மற்ற எதையும் அதற்கு முன் தொடக்கூடாது. பிறகு கமரா, ஸ்பீக்கர், மைக், டிஸ்பிளே எல்லாவற்றையும் விலக்கிப் போர்டைத் தனியே எடுக்கவேண்டும். தகர மூடிகளுக்குக் கீழேதான் நீர் ஒளிந்திருக்கும், கழற்றக்கூடிய மூடிகளைக் கழற்றவேண்டும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் 10 நிமிடம் ஊறவைத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால் ஒரே திசையில் தேய்த்தால் பச்சையும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் களிம்பு இளகி வரும்.

அந்த 99 சதவீதம் முக்கியம். 70 சதவீதம் என்று எழுதிய போத்தலில் மிச்சம் 30 சதவீதம் தண்ணீர். பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அது காய்ந்தபின் போர்டில் பிசுபிசுப்பாக நிற்கும். கைக்குப் பூசும் சனிட்டைசரில் கிளிசரின். நல்ல அல்ககோல் வாங்கினாலும் மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டால் மூடுபனிக் காற்றிலிருந்து அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சின்னப் போத்தலில் தேவைக்கு ஊற்றிக்கொண்டு பெரியதை இறுக மூடிவைப்பதே நல்லது. அல்ட்ராசொனிக் தொட்டி இருந்தால் 40 கிலோஹேர்ட்ஸில் 3 முதல் 5 நிமிடம் போதும். தொட்டியில் நேராக அல்ககோலை ஊற்றக்கூடாது, தீப்பிடிக்கும். தொட்டியில் தண்ணீர், அதற்குள் மூடிய கண்ணாடிப் பாத்திரம், பாத்திரத்துக்குள் அல்ககோலும் போர்டும். கமராவும் மைக்கும் அந்தத் தொட்டிக்குள் போகவே கூடாது.

காயவைப்பதில்தான் மலைநாட்டு மேசை கொழும்பு மேசையிலிருந்து வேறுபடுகிறது. கீழே வெயிலில் மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் காய்ந்துவிடும். இங்கே யன்னலுக்கு வெளியே பனி நிற்கும்போது விசிறி ஈரக்காற்றைத்தான் வீசும். அதற்கு வழி சூடு. 15 பாகையில் ஈரம் முழுதாக நிறைந்த காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 23 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே காற்றுதான், ஆனால் இப்போது அது தாகம் பிடித்த காற்று. மரப்பெட்டிக்குள் 40 வொட் பழைய குண்டு பல்ப் ஒன்று, மேலே நாலு துளை, உள்ளே ஒரு வெப்பமானி: 45 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நாலு மணித்தியாலத்தில் சிப்புக்குக் கீழே உள்ள நீர்கூடப் போய்விடும். பெட்டரி இந்தப் பெட்டிக்குள் வரக்கூடாது. எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது, போதிய சூடு தராது.

பிறகு சோதனை. பவர் சப்ளையை 4 வோல்ட்டில் வைத்துப் போர்டில் கொடுத்துவிட்டு, சுவிட்சை அழுத்துமுன் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று பார்க்கவேண்டும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். 50, 100 மில்லியம்பியர் என்று காட்டினால் எங்கோ கசிவு. அம்பியர் கணக்கில் ஏறினால் ஷோர்ட், அதாவது குறுக்குச் சுற்று. ஷோர்ட்டான இடத்தைத் தேட விலைகூடிய வெப்பக் கமரா தேவையில்லை. வோல்ட்டை 1க்குக் குறைத்துவிட்டுப் போர்டில் அல்ககோலை மெல்லப் பூசினால், சூடாகும் உறுப்பின் மேல் மட்டும் அது முதலில் காய்ந்து ஒரு வட்டம் விழும். பெரும்பாலும் அது தலைப்பேன் அளவு கபாசிட்டர் ஒன்றாக இருக்கும்.

கடலுக்குப் போய்வந்த போன் வேறு கதை. விடுமுறையில் திருகோணமலைப் பக்கம் பாய்ப்படகு ஏறிவிட்டு வருகிறார்கள். அலைத்துளி பட்ட போனைத் துடைத்துக் காயவைத்து, நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷமாக மலையேறுகிறார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு பனிக்காலையில் அது செத்துவிடுகிறது. அடைமழையில் அடுப்படி உப்புப் போத்தல் தானாகக் கசிவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். போனுக்குள் காய்ந்து கிடந்த உப்பும் அதையேதான் செய்கிறது. இப்படிப்பட்ட போர்டை அல்ககோலில் மட்டும் கழுவிக் கொடுப்பது பெரிய தவறு, ஏனென்றால் உப்பு அல்ககோலில் கரையாது. முதலில் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு தரம் கழுவி, அதன்பிறகே அல்ககோல். நுவரெலியா கிரகரி வாவியில் படகேறி நனைந்த போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது நன்னீர். எந்தப் படகானாலும், வாயைச் சுருட்டி மூடும் நீர்காப்புப் பையை ஒருதரம் மடித்தால் போதாது. மூன்று தரமாவது இறுக்கிச் சுருட்டிக் கொளுவவேண்டும்.

"30 வீதம் இருக்கும்போதே அணைஞ்சு போகுது" என்பது ஜனவரி, பெப்ரவரி முறைப்பாடு. குளிரில் பெட்டரியின் உள்தடை கூடுகிறது. பழைய பெட்டரியில் அது ஏற்கெனவே கூடுதல். கமராவைத் திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று விழ, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பகலில் வெயில் ஏறியதும் அதே போன் ஒழுங்காக ஓடும். இதற்குப் போர்டைத் திறந்து காசு வாங்குவது நியாயமில்லை. பெட்டரியின் நிலை 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெட்டரியை மட்டும் மாற்றினால் போதும். குளிர்ந்த போனை உடனே சார்ஜில் போடாமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் போடவேண்டும்.

உதிரிப்பாகங்களை இப்போது ஒன்லைனில்தான் பார்த்து வாங்குகிறார்கள், கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்கு ஏறி இறங்கும் வேலை குறைந்துவிட்டது. ஆனால் கொழும்பில் 30 பாகையில், 80 சதவீத ஈரப்பதனில் ஒட்டிய பையை நுவரெலியாவில் 15 பாகையில் பிரித்தால், பைக்குள் இருந்த ஒவ்வொரு லீற்றர் காற்றுக்கும் ஏறத்தாழ 11 மில்லிகிராம் நீர் உள்ளேயே படிந்திருக்கும். டிஸ்பிளே பட்டையின் பொன் முனைகளில் அந்த நீர் இருக்கும்போது சொருகினால் முதல் நாளே பழுது. பார்சலில் 2 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு அனுப்பும்படி விற்பவரிடம் கேட்கலாம். பையைப் பிரித்ததும் பாகத்தைச் சூட்டுப் பெட்டியில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டுப் பொருத்தவேண்டும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறிய ஜெல்லை எறியத் தேவையில்லை. பையிலிருந்து கொட்டி 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். உணவு சமைக்கும் ஓவனில் மட்டும் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட், நஞ்சு.

திருத்திய போனை ஒன்லைனில் விற்பவருக்கு ஒரு வேண்டுகோள்: நீர் பட்ட போன் என்றால் விளம்பரத்தில் அதை எழுதுங்கள். எதை மாற்றினீர்கள், பசை புதிதா, பெட்டரி எத்தனை சதவீதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். விலை குறையும், உண்மை. ஆனால் பொருளைக் கையில் வாங்கிக் காசு கொடுக்கும் முறையில் திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு பக்கக் கூலியும் விற்பவர் தலையில்தான். வாங்குபவர் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டு, IMEI என்று எழுதி இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, போன் பதிவானதா என்று பார்க்கலாம். விற்பவர் செட்டிங்ஸில் பழைய கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் போனை வெறுமையாக்கவேண்டும். கணக்கு இருக்கும்போதே பட்டன்களை அழுத்தி அழித்தால், வாங்கியவர் திறக்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

விரல் ரேகை வேலை செய்யவில்லை என்று கொண்டுவரும் போன்களில் பழுது பெரும்பாலும் போனில் இல்லை. கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் ஆட்காட்டி விரலும். வருஷக்கணக்கில் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து, தோல் வெடித்து, ரேகை தேய்ந்த விரல்கள் அவை. போன் அவற்றை ஒரு நாள் அடையாளம் காணும், மறுநாள் காணாது. "என் விரலுக்கு இது சரிவராது" என்று அந்த அக்கா சொல்லிவிட்டுப் போக விடக்கூடாது. பழைய பதிவுகளை அழித்துவிட்டு, இளஞ்சூட்டு நீரில் கைகழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லி, இடது கை மோதிர விரலைப் பதியவேண்டும். போன் ஏற்றுக்கொண்டால், அதே விரலை இரண்டாவது விரல் என்ற இடத்திலும் இன்னொரு தரம், சற்றுச் சரித்து வைத்துப் பதியவேண்டும். ஈரக்கையோடு வரும் நாளுக்குப் பெரிய எண்களில் ஒரு பின் (PIN) இலக்கமும் வைத்துக்கொடுத்து, அவரே மூன்று தரம் திறந்து பார்க்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும்.