காண்டாவனமும் எங்கள் வளவும்

மே 4, 2025, ஞாயிறு

இன்று காண்டாவனம், அதாவது அக்கினி நட்சத்திரம், தொடக்கம். கலண்டரில் போட்டிருக்கிறது. போடாவிட்டாலும் தெரிந்திருக்கும்: எட்டு மணிக்கே முற்றத்து மண் காலைச் சுடுகிறது, நாய் கிணற்றடி ஈரத்தை விட்டு எழும்பவே இல்லை. 28ஆம் திகதி வரை இப்படித்தான் இருக்கும்.

இவர் தபால் கந்தோரால் ஓய்வு பெற்ற பிறகு வருகிற முதல் வெயில் காலம். இவ்வளவு நாளும் வளவு என் பொறுப்பு. தையல் மெசினை விறாந்தையில் போட்டிருப்பதே அதற்காகத்தான். ஒரு கண் துணியில், மற்றது கத்தரிப் பாத்தியில். இப்போது இந்த இரண்டு பரப்புக் காணிக்கு இரண்டு அதிகாரிகள். இவர் கயிறு பிடித்துப் பாத்தி போடுகிறவர். மிளகாய்க்கு ஒரு வரிசை, வெண்டிக்கு ஒரு வரிசை, பயிற்றைக்கு அளந்து நட்ட தடிகள். நான் இடம் கண்ட இடத்தில் விதை ஊன்றுகிறவள். என் பூசணி இவருடைய மிளகாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டது என்று விடியற்காலையிலேயே முறைப்பாடு வந்தது.

"இஞ்சாரும், இந்தக் கொடியைக் கொஞ்சம் அங்கால திருப்பி விடுமன்."

"அது தன்ர பாட்டில போகும். விடுங்கோ."

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் ஓடிவிட்டுப் படுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதை வைத்துத்தான் அடுத்த ஐப்பசி வரை குடிப்பு, குளிப்பு, இறைப்பு எல்லாம். கண்டபாட்டுக்கு இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். கரையோர ஊர்களில் அப்படிக் கெட்டுப்போன கிணறுகள் ஏராளம். இணுவிலில் எங்களுக்கு இன்னும் நல்ல தண்ணீர். அதனால் மோட்டர் போடுவது விடிய ஒருக்கால், வெயில் தாழ்ந்த பிறகு ஒருக்கால், அவ்வளவுதான்.

வாளியைத் தூக்கியதும் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. சுன்னாகத்துப் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த காலத்தில் பிடித்த பழக்கம். பத்து வருடமாகிறது.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். வெயில் ஏற முதல் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தோம். யாருக்கு என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்ததும் வேப்பம்பூ வேலை. வேம்பின் கீழ் பழைய சேலையை விரித்துவிட்டால் காற்றே கொட்டித் தரும். கூட்டி அள்ளி, சுளகில் போட்டுப் புடைத்து, காம்பையும் சருகையும் போக்கிவிட்டுப் பார்த்தால் சாக்கு நிறையக் கூட்டிய இடத்தில் இரண்டு கைக்குள் அடங்குகிற பூதான் மிஞ்சும். ஊறவைத்த உளுந்தைக் கெட்டியாக அரைத்து, பூவோடு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து தட்டை தட்டையாகத் தட்டினேன். பிசைகிறபோது தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினாலும் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வெயிலுக்கு ஒரே நன்மை இதுதான்: வடகம் கல்லுப் போலக் காயும். மாரியில் சோற்றுக்கும் சொதிக்கும் பொரித்துத் தொட்டால் அப்போது இந்த வெயிலைத் திட்டினது மறந்துவிடும்.

இவர் காகம் கலைக்கிற வேலையை ஏற்றுக்கொண்டார். சாய்மனைக் கதிரை, கையில் ஈர்க்குக் கட்டு, மடியில் பேப்பர். அரை மணித்தியாலத்தில் குறட்டை. காகத்துக்கு என்ன, அது வேப்பம்பூ தின்னாது. உளுந்துக்காக ஒரு தட்டைக் கொத்திப் பார்த்துவிட்டு அதுவே போய்விட்டது.

மே 12, திங்கள்

சித்திரா பௌர்ணமி. அம்மா இல்லாதவர்களுக்கு விரத நாள். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்து, கஞ்சி வார்த்தார்கள். நான் வீட்டில் படையலுக்குச் சமைத்தேன். கத்தரிக்காய், பயிற்றங்காய், வாழைக்காய், கீரை எல்லாம் எங்கள் வளவு. மாங்காய் இன்னும் முற்றவில்லை. பழம் மருதனார்மடம் சந்தையில் வாங்கியது. அம்மாவுக்குப் பிடித்த பாகற்காய்க் குழம்புக்கு மட்டும் பாகல் இல்லை. இவருடைய பாத்தித் திட்டத்தில் பாகலுக்கு இடமில்லையாம். அடுத்த சித்திரைக்கு இடம் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட ஒரு மணி தாண்டிவிட்டது.

மே 16, வெள்ளி

மல்லிகை பற்றி இன்று பெரிய வாக்குவாதம்.

இவருடைய கணக்கு: வைகாசியில் தண்ணீர் சாப்பாட்டுக்கு உதவுகிற பயிருக்கு மட்டும். பூமரம் எல்லாம் மாரி வரைக்கும் தாக்குப் பிடிக்கட்டும். என் கணக்கு: மல்லிகை பூப்பதே இந்தக் காலத்தில்தான். வெயில் ஏற ஏற மொட்டு வைக்கிற செடிக்கு இப்போது தண்ணீர் மறுத்துவிட்டு, பூக்காத மாரியில் தலைக்கு மேல் மழை பெய்தென்ன?

"சாமிக்கு வைக்கிறது நந்தியாவட்டையும் காணும்."

"சாமிக்குக் காணும். எனக்குக் காணாது."

அதோடு பேச்சு நின்றது. அலவாங்கையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு குளியலறைப் பின்பக்கம் போய்விட்டார். முந்திய காலத்தில் கிணற்றடியில் நின்று குளிப்போம், அந்தத் தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். ஓடு போட்ட குளியலறை கட்டினதிலிருந்து அவ்வளவு தண்ணீரும் குழிக்குள் இறங்கி வீணாகிறது. இதைப் பற்றி நான் சொல்லாத நாளில்லை. இன்று இவர் குழாயை வெட்டி, குழியை மூடி, செம்பாட்டு மண்ணில் வாய்க்கால் கிண்டிக் கதலி வாழையடிக்குக் கொண்டுபோனார். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரவி, வாழையைச் சுற்றிப் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கவிழ்த்துப் புதைத்தார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நாலு நாள் விடாவிட்டாலும் அடி ஈரம் போகாது. வேலை திறம், சும்மா சொல்லக்கூடாது.

பின்னேரம் நான் குளித்துவிட்டுத் தண்ணீர் எப்படி ஓடுகிறதென்று பார்க்கப் போனேன். வாழைக்குப் போகிற வழியில் மல்லிகைப் பந்தலடியில் ஒரு சின்னக் கிளை வாய்க்கால் பிரிந்து போயிருந்தது. கேட்டேன்.

"அது பள்ளம். தண்ணி தானாப் போகுது," என்றார்.

எங்கள் வளவில் அந்தப் பக்கம் மேடு.

மே 18, ஞாயிறு

சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி, போரின் கடைசி நாட்களில் அங்கே குடித்த கஞ்சியின் நினைவாக. அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையில் ஊற்றித் தந்தார்கள். 2009இல் அங்கிருந்து முகாமுக்குப் போய், விட்ட பிறகு எங்கள் வீட்டில் சில மாதம் இருந்த ஒன்றுவிட்ட அக்கா ஒவ்வொரு வருடமும் சொல்வது: "அங்க உப்பும் இருக்கேல்லை." இன்றும் போன் எடுத்துச் சொன்னா.

பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டோம். வேறு வேலை செய்யவில்லை.

மே 20, செவ்வாய்

மகள் வாட்ஸ்அப்பில் வந்தாள். ரொறன்ரோவில் நேற்று விக்டோரியா தினம். அது கழியும்வரை அங்கே யாரும் நாற்றை வெளியில் நட மாட்டார்கள், இரவுப் பனி கருக்கிவிடும். யன்னலோரம் கோப்பைகளில் முளைக்கவிட்ட வெண்டியும் பாகலும் வெளியே போவதற்குக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் கமராவில் காட்டினாள். நாங்கள் இங்கே தக்காளி நாற்றுக்கு மேல் தென்னோலை சாத்தி வெயிலை மறைக்கிறோம், அவள் அங்கே வெயில் வருமா என்று பார்த்திருக்கிறாள். அவளிடமும் பாகல் இருக்கிறது என்பதை இவருக்குக் கேட்கிற மாதிரி இரண்டு தரம் சொன்னேன்.

பிறகு வேலிக்கதை. வடக்கு வேலி கறையான் அரித்து, கிடுகு உக்கி, பொட்டுக்குள்ளால், அதாவது வேலி ஓட்டைக்குள்ளால், பக்கத்து வீட்டு ஆடு வந்து கீரையை மேய்ந்துவிட்டுப் போகிறது. "மதில் கட்டுங்கோ அப்பா, நான் காசு அனுப்புறன்," என்றாள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வேலி மிச்சமுள்ள வீடுகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெளிநாட்டுக் காசுக்கும் ஒரு மதில் எழும்புகிறது. எனக்கு மதில் பிடிக்காது. பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவில் வீட்டுக்குள் கக்கும். கிளுவையும் பூவரசும் நிற்கிற வேலி என்றால் நிழல் தரும், வெட்டிய குழை பாத்திக்குப் பசளையாகும், மிச்சம் அதே ஆட்டுக்குப் போடலாம். அடுத்த வீட்டு அக்காவோடு கதைக்க ஒரு பொட்டும் வேண்டுமே.

இவரிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

சோளகம், தென்மேற்குக் காற்று, வந்துவிட்டது. இரவு முழுக்கப் பனையோலை சலசலப்பு. விடியப் பார்த்தால் முற்றம் நிறைய மாம்பிஞ்சும் சருகும், விறாந்தையில் தூசி, தைத்து வைத்த சட்டையிலும் தூசி. ஆனாலும் காற்று வேண்டியிருக்கிறது. நேற்றுவரை இரவிலும் தலையணை வேர்த்தது.

விழுந்ததில் முற்றினதைப் பொறுக்கி வெட்டி ஊறுகாய்க்கு உப்புப் போட்டேன். இவர் பயிற்றைத் தடிகளுக்கு முண்டு கொடுத்தார்.

மே 25, ஞாயிறு

கூழ். காற்று வந்ததிலிருந்து இவருக்கு அதே கதை, இன்று காய்ச்சினால்தான் நிம்மதி. விடிய மீன் சந்தைக்குப் போய் நண்டு, றால், சின்ன மீன் எல்லாம் வாங்கி வந்தார். பயிற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை எங்களுடையது. பலாக்கொட்டை வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தது. அதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஒடியல் மாவை, காய்ந்த பனங்கிழங்கு மாவை, ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை வடிப்பது என் வேலை. அதை அவசரப்படுத்தினால் பானை முழுக்கக் கைக்கும். மற்றதெல்லாம் இவர் கையில். மரவள்ளியும் கொட்டையும் அவிந்த பிறகு நண்டு, பிறகு மீன், கடைசியில் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் கரைத்த மாவும். மாவு விட்ட பிறகு அடிப்பிடிக்காமல் துழாவவேண்டும். வேர்வை வழிய வழிய நின்று துழாவினார். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, மாமரத்தடியில் பாய் போட்டுக் குடித்தோம். அடுத்த வீட்டு அக்காவும் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். உறைப்பில் பெடியன் ஒருவன் கண்ணீர் விட்டபடி மூன்றாவது இலை கேட்டான்.

வெயிலுக்கு மோர் குடிக்கச் சொல்லுவார்கள். கொதிக்கக் கொதிக்கக் கூழ் குடித்து வேர்த்து, அந்த வேர்வையில் சோளகம் படுகிற சுகம் மோரில் கிடையாது.

மே 29, வியாழன்

காண்டாவனம் நேற்றோடு முடிந்தது. வெயிலுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

இவர் ஓய்வூதிய அலுவலாக யாழ்ப்பாணம் டவுனுக்குப் போன நேரம் பார்த்து, தை மாதத்திலிருந்து எடுத்து வைத்திருந்த இராசவள்ளித் தலைகளை வெளியில் எடுத்தேன். வெட்டு வாய்க்குச் சாம்பல் தடவி, வடக்கு வேலியடி நீளத்துக்குக் குழி கிண்டி, சருகும் எருவும் போட்டுத் தாட்டேன். கொடி வேலிக் கதியாலை, ஊன்றிய தடியை, பிடித்து ஏறும். தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டலாம். தேங்காய்ப் பாலும் சீனியும் விட்டுக் கடைந்த இராசவள்ளி என்றால் இவர் வேறு எதையும் கேட்கமாட்டார்.

ஜூன் 7, சனி

கறுத்தக்கொழும்பான் பிடுங்கத் தொடங்கியாயிற்று. இந்த மாம்பழத்தில் நிறத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பழுத்தாலும் தோல் கரும்பச்சைதான். தோள் பருத்து, காம்படி சற்றுக் குழிந்திருந்தால் முற்றினது. இவர் கொக்கத்தடியில் வலைப்பை கட்டிப் பிடுங்க, நான் கீழே நின்று வாங்கினேன். காம்பை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, பிறகு காம்பு கீழ்ப்பக்கமாகப் பிடித்துப் பால் வடிய விடவேண்டும். பால் பட்ட தோல் கறுத்து அழுகும், எங்கள் தோலில் பட்டால் பொக்களம்தான். வடிந்ததை வைக்கோலுக்குள் அடுக்கிவிட்டால் அறைக்குள் போகும்போதே மூக்குச் சொல்லும்.

பங்கீடு: கொழும்பில் இருக்கும் தம்பிக்கு ஒரு பெட்டி பஸ்ஸில் போகிறது. அடுத்த வீட்டுக்கு ஒரு கடகம். வௌவால் கடித்ததும் அணில் கொறித்ததும் எங்களுக்கு, வழக்கம்போல.

பின்னேரம் மேசன் ஒருவரைக் கூட்டி வந்தார் இவர். மதிலுக்கு அளவெடுக்க. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். வேலியடியில் இராசவள்ளி ஒரு சாண் முளைத்துக் கதியாலில் கை போட்டிருக்கிறது. இவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேசன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "ஐயா, அத்திவாரம் வெட்டினா இது போயிடும்," என்றார்.

"தை வரைக்கும் பொறுப்பம்," என்றார் இவர்.

ஆடு வராமலிருக்க இப்போதைக்குக் கிடுகு வைத்து அடைப்பதென்று முடிவு. நாளைக்கு ஆள் வரும், மத்தியானச் சாப்பாடும் கொடுக்க வேண்டும். தை முடிய அதே இடத்தில் ஊன்றுவதற்குப் பாகல் விதை எடுத்து வைத்திருக்கிறேன்.