கார்ல்டனிலிருந்து ஸ்வார்த்மோருக்கு: கல்லூரி மாறுமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் (பல துறைகளையும் கலந்து இளநிலைப் பட்டம் தரும் சிறிய கல்லூரிகள்) ‘வேறு எங்காவது போய்விடலாமா’ என்ற எண்ணம் பெரும்பாலும் முதலாண்டு நவம்பரில்தான் முளைக்கும். சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட நண்பர் கூட்டம் கலைந்திருக்கும். முதல் மிட்டெர்ம் (செமஸ்டர் நடுத் தேர்வு) அடி கொடுத்திருக்கும். மெய்னிலோ மாசசூசெட்ஸிலோ இருந்தால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த மாதத்து மனசை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆனால் அந்த மாதத்திலேயே விவரம் சேகரிக்கத் தொடங்காவிட்டால் மார்ச்சில் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பிப்பது வேறு, போவது வேறு. முன்னதை மார்ச்சிலும் பின்னதை மே கடைசியிலும் முடிவு செய்தால் போதும்.

முதலில் காரணத்தை உரசிப் பார்க்க வேண்டும். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், போடின், ஸ்வார்த்மோர், போமோனா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வார்ப்பு. சிறிய வகுப்பு, பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், இரண்டாயிரத்தை ஒட்டிய மாணவர்கள், பட்டத்துக்கு 32 பாடம். ‘இங்கே எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்’, ‘ஊர் ரொம்பச் சின்னது’, ‘அறைத்தோழர் சரியில்லை’ என்பவற்றை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போனால் அங்கேயும் அவையே காத்திருக்கும். ரேங்க் பட்டியலில் நாலு படி மேலே என்பதற்காக மாறுவது சுத்த வீண் என்பது என் கருத்து. நிற்கக்கூடிய காரணம் மூன்றுதான்: படிக்க வேண்டிய துறையே இல்லை, பணம் கட்டுப்படியாகவில்லை, இருக்கும் இடம் உடம்புக்கோ குடும்பத்துக்கோ ஒத்துவரவில்லை.

துறை விஷயத்திலும் உடனே மாறத்தான் வேண்டும் என்றில்லை. ஹாவர்ஃபோர்டில் இருந்துகொண்டு மொழியியல் மேஜர் (முதன்மைப் பாடம்) வேண்டும் என்பவர் ஸ்வார்த்மோருக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஹாவர்ஃபோர்ட், பிரின் மார், ஸ்வார்த்மோர் மூன்றும் பாடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன, அந்த மேஜரையும் சேர்ந்தே நடத்துகின்றன. ஆம்ஹர்ஸ்ட் மாணவர் பஸ் ஏறி ஸ்மித்திலோ மவுண்ட் ஹோலியோக்கிலோ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலோ பாடம் எடுக்கலாம். கலிஃபோர்னியாவின் க்ளேர்மான்ட்டில் ஐந்து கல்லூரிகளும் நடக்கிற தூரத்தில்தான். இப்படி அடுத்த வாசலில் கிடைப்பதற்காக வீடு மாற வேண்டாம்.

இன்ஜினியரிங் மட்டும் வேறு கதை. வில்லியம்ஸிலும் ஆம்ஹர்ஸ்டிலும் அந்த மேஜர் கிடையாது. ஸ்வார்த்மோர், ஹார்வி மட், பெண்கள் கல்லூரியான ஸ்மித் ஆகியவற்றில் உண்டு. அங்கே பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முதலாண்டிலிருந்தே அடுக்கப்பட்டிருப்பதால், இரண்டு வருடம் கழித்துப் போனால் நான்கு வருடத்துக்குள் முடிப்பது பெரும்பாடு. போவதென்றால் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இனி கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்காகப் பட்டக் கணக்கில் சேரும் அலகு. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தக் கல்லூரிகள் பொதுவாகக் கேட்பது, பட்டத்தின் பாதியையாவது, அதாவது நான்கு செமஸ்டரையாவது, தங்களிடம் படிக்க வேண்டும் என்று. ஆகவே மீதிப் பாதி கையில் முழுசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கார்ல்டனில் இரண்டு வருடம் படித்தவரை எடுத்துக்கொள்வோம். அங்கே பத்து வாரப் பருவம், வருடத்துக்கு மூன்று பருவம், பருவத்துக்கு மூன்று பாடம். இரண்டு வருடத்தில் 18 பாடம். பாடத்துக்கு 6 கிரெடிட் வீதம் 108. பட்டத்துக்கு வேண்டியது 210 என்பதால் அங்கேயே இருந்தால் அவர் பாதி வழியைத் தாண்டிவிட்டார். ஆனால் கார்ல்டனின் 6 கிரெடிட் என்பது மற்ற இடங்களின் கணக்கில் மூன்றேகால் செமஸ்டர் மணிக்குச் (வாரத்து வகுப்பு நேரத்தை ஒட்டிய அலகு) சற்று மேல், சரியாகச் சொன்னால் 3⅓. பதினெட்டுக்கும் சேர்த்து 60 மணி. போகிற கல்லூரி ஒரு பாடத்தை 4 மணியாக வைத்தால் 60ஐ 4ஆல் வகுக்க 15 பாடம்தான் தேறும். வேண்டியது 32இல் பாதி, 16. ஒரு பாடம் துண்டு விழுகிறது. அதைக் கோடையில் காசு கொடுத்துப் படிக்கலாம், அல்லது ஒரு செமஸ்டரில் நாலுக்குப் பதில் ஐந்து பாடம் எடுக்கலாம். சில ரிஜிஸ்ட்ரார்கள் (பாடப் பதிவுகளைப் பராமரிக்கும் அதிகாரிகள்) மணிக்கணக்கை விட்டுவிட்டுப் பாடத்துக்குப் பாடம் ஏற்றுக்கொள்வார்கள். எந்த முறை என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கிரின்னல் (124), மெக்காலஸ்டர் (128) போன்றவை செமஸ்டர் கிரெடிட்டிலேயே எண்ணுவதால் அங்கிருந்து வருவோருக்கு இந்தத் தலைவலி குறைவு.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் வகை இடிக்கலாம். ஆம்ஹர்ஸ்டிலும் கிரின்னலிலும் முதலாண்டு செமினார் ஒன்றைத் தவிரக் கட்டாயப் பாடம் கிடையாது. அங்கே பிடித்ததை மட்டும் படித்துவிட்டு, ஆங்கிலம் அல்லாத மொழிப்பாடம் கட்டாயம் என்கிற வெல்லஸ்லிக்கோ கார்ல்டனுக்கோ போகிறவர் இரண்டாம் வருடத்தில் மொழி, அறிவியல், கணக்கு எல்லாவற்றையும் மொத்தமாகச் சுமப்பார். (தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவருக்குப் பல கல்லூரிகளில் மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கும். ஆனால் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.) பள்ளியில் எழுதிய ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) தேர்வுக்குப் பழைய கல்லூரி கொடுத்த கிரெடிட் கூடவே வராது. புதிய கல்லூரி மதிப்பெண்ணைத் தன் விதிப்படி புதிதாகப் பார்க்கும். பாஸ்/ஃபெயில் முறையில் எடுத்த பாடங்களைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்வார்த்மோரில் முதல் செமஸ்டர் முழுவதும் ‘கிரெடிட் அல்லது கிரெடிட் இல்லை’ என்று மட்டுமே டிரான்ஸ்கிரிப்ட்டில் (பாடங்களும் கிரேடும் அடங்கிய பதிவுச் சான்று) வரும். வெல்லஸ்லியிலும் முதல் செமஸ்டருக்கு எழுத்து கிரேடு பதிவாகாது. புதியவர்கள் பயமில்லாமல் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் முதலாண்டு மார்ச்சில் மாற விண்ணப்பிப்பவரிடம் காட்ட கிரேடே இருக்காது. உள்ளுக்குள் குறித்து வைத்திருக்கும் கிரேடை வெளிக் கல்லூரிக்கு அனுப்புவார்களா என்று ஜனவரியிலேயே ரிஜிஸ்ட்ராரிடம் கேட்க வேண்டும். அனுப்ப மாட்டார்கள் என்றால் ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலாண்டில் சேரும்போது தந்த வாக்குறுதிகள் இடையில் வருபவருக்கும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. ‘வசதியைப் பார்க்காமல் சேர்க்கிறோம்’ என்ற கொள்கை முதலாண்டு மாணவருக்கு மட்டுமாக இருக்கலாம். வெளிநாட்டு மாணவர் இடையில் மாறி வந்தால் நிதியுதவியே இல்லை என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. சேரும்போது கிடைத்த திறமை உதவித்தொகை பழைய இடத்தோடு போய்விடும். எட்டு செமஸ்டர் வரைதான் உதவி என்றால், படித்து முடித்த செமஸ்டர்களையும் அதில் கழிப்பார்களா என்று கேட்க வேண்டும். மறுபக்கம், கடன் வாங்கிப் படிக்கிற இடத்திலிருந்து வில்லியம்ஸ் மாதிரி இடத்துக்கு அதே உதவியோடு அனுமதி கிடைத்தால் அது வலுவான காரணம். அங்கே 2022 முதல் உதவித் தொகுப்பில் கடனும் கிடையாது, வளாக வேலை நிபந்தனையும் கிடையாது. எப்படியானாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதியுதவி விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

வாய்ப்பு எவ்வளவு என்பதை வதந்தியில் தேட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பை வெளியிடுகின்றன. அதில் ‘டி’ பிரிவைத் திறந்தால் மாறி வர எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள், கிரெடிட் ஏற்கக் குறைந்தபட்ச கிரேடு என்ன என்று இருக்கும். எண்கள் மிகச் சிறியவை. ஆம்ஹர்ஸ்ட் போன்ற இடங்கள் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) மாணவருக்கும் ராணுவத்தில் பணியாற்றியவருக்கும் முன்னுரிமை தருகின்றன. ஏற்கெனவே நல்ல கல்லூரியில் உட்கார்ந்திருப்பவர் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கிறார், அது நியாயமும்கூட.

கெடு பெரும்பாலும் மார்ச் 1 முதல் ஏப்ரல் 1 வரைக்குள் விழும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் இதற்குத் தனி விண்ணப்பம். கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (இந்தியாவில் படித்தவருக்கு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் பள்ளி மூலமாக), பேராசிரியர் பரிந்துரை ஒன்றோ இரண்டோ, டீன் அல்லது ரிஜிஸ்ட்ரார் நிரப்பும் காலேஜ் ரிப்போர்ட், நடப்புப் பாடங்களின் கிரேடைக் காட்டும் மிட்டெர்ம் ரிப்போர்ட் என்று போகும் பட்டியல். இதில் மிட்டெர்ம் ரிப்போர்ட்தான் ஆளைக் கவிழ்க்கும். பல நியூ இங்கிலாந்து கல்லூரிகளில் மார்ச் நடுவில் இரண்டு வாரம் விடுமுறை, கையெழுத்துப் போட ஆள் இருக்காது. விடுமுறைக்கு முந்தைய வாரமே ஒவ்வொரு பேராசிரியரிடமும் வாங்கிவிட வேண்டும்.

கட்டுரையில் இருக்கிற கல்லூரியைத் திட்டினால் படிப்பவருக்குத் தோன்றுவது, நாளை நம்மையும் இப்படித்தான் எழுதுவார் என்று. ‘இங்கே அறிவார்ந்த சூழல் இல்லை’ என்பது வெறும் புலம்பல். ‘சொற்றொடரியல் இரண்டு பாடம் முடித்துவிட்டேன், இங்கே மூன்றாவது கிடையாது, உங்களிடம் ஒலியனியலும் களப்பணிப் பாடமும் இருக்கின்றன’ என்பது காரணம். கல்லூரிப் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பதில் மே நடுவில் வரும். அதற்குள் இருக்கிற கல்லூரியில் ஏப்ரல் மாத விடுதி அறைக் குலுக்கலும் அடுத்த செமஸ்டர் பாடப்பதிவும் முடிந்துவிடும். இரண்டிலும் போகப்போவதில்லை என்பது போலவே கலந்துகொள்ளுங்கள். அனுமதிக் கடிதம், உதவித் தொகை, கிரெடிட் மதிப்பீடு மூன்றும் எழுத்தில் வரும்வரை விலகல் படிவத்தைத் தொடக் கூடாது. ‘விடுப்பு எடுத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்பி வருகிறேன்’ என்ற யோசனையும் பலிக்காது. வேறிடத்தில் பட்டத்துக்குச் சேர்ந்தால் விடுப்பு ரத்தாகும் என்பதே பல கல்லூரிகளின் விதி.

எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு படி. பழைய கல்லூரியின் டி.எஸ்.ஓ. (விசா விவகாரம் பார்க்கும் அதிகாரி), செவிஸ் என்ற அரசுத் தரவுத்தளத்தில் உள்ள உங்கள் பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்கும் தேதி ஒன்றைக் குறிப்பார். அந்தத் தேதியோடு பழைய வளாகத்தில் வேலை பார்க்கும் உரிமை முடிந்துவிடும். கோடையில் நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை இருந்தால், அது முடிந்த பிறகான தேதியாகக் கேளுங்கள். தேதி வருமுன் மனம் மாறினால் அவரே நிறுத்தலாம், வந்த பிறகு பதிவு புதிய கல்லூரியின் கையில். இடைவெளி ஐந்து மாதத்தைத் தாண்டக் கூடாது. மே முதல் ஆகஸ்ட் வரை என்றால் கவலையில்லை, நடுவில் ஒரு செமஸ்டரை விட்டால் சிக்கல். விசா செல்லுபடியாக இருந்தால் அதில் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும் புதிய ஐ-20யோடு (கல்லூரி தரும் மாணவர் தகுதிப் படிவம்) பயணம் செய்யலாம். புதிய ஐ-20யில் குறித்த தொடக்கத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் புதிய இடத்து டி.எஸ்.ஓ.விடம் பதிய வேண்டும். முதலாண்டு முடியுமுன் கல்லூரி மாறுவதைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்று, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் முன்வைத்த விதி வரைவில் இருந்தது. அதன் இன்றைய நிலையை டி.எஸ்.ஓ.விடம் கேட்டுக்கொண்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

கிளம்புமுன் கணக்கில் பாக்கி, நூலகப் புத்தகம், அறைச் சாவி மூன்றையும் முடித்துவிடுங்கள். சின்னப் பாக்கி இருந்தாலும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் நின்றுபோகலாம். பழைய கல்லூரி மின்னஞ்சல் மூடப்படுமுன் எடுத்த எல்லாப் பாடங்களின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். வாரவாரியான பட்டியல், பாடநூல் பெயர், லேப் மணி நேரம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். செப்டம்பரில் புதிய இடத்து வேதியியல் துறைத் தலைவர், உங்கள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் தங்கள் பாடத்துக்குச் சமமாக ஏற்பதா வேண்டாமா என்று பார்க்கும்போது கேட்பது அதைத்தான்.