வெள்ளம் என்ற ஒரு சொல்

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளியின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கால்வாய்க் கரைகள் உடைந்து ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்க, வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்தன. பாலிசிதாரர்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினர். சரியாகக் கட்டப்படாத கரை உடைந்து வந்த நீர், பாலிசி குறிப்பிடும் இயற்கை வெள்ளம் ஆகாது என்பதே அவர்களது வாதம். 2006 நவம்பரில் மாவட்ட நீதிபதி ஸ்டான்வுட் டுவால், பல பாலிசிகளில் அச்சொல் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்று கருதி அவர்கள் பக்கம் நின்றார். ஆனால் 2007 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணம் எதுவானாலும் வெள்ளம் வெள்ளமே என்று அதை மாற்றியது. சொற்பொருளை மட்டும் பார்த்தால், இத்தீர்ப்பை மறுப்பது எனக்கும் கடினம்தான். எனினும், வெள்ளக் காப்பீட்டை அரசுத் திட்டத்தின் வழியே தனியாக வாங்க வேண்டும் என்பதை எத்தனை முகவர்கள் தெளிவாக விளக்கியிருப்பார்கள்?