எங்கே போயிடப் போகுது

"இந்தப் பணம் இப்படியே இருக்கும்ல மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இருக்கும்மா, எங்கே போயிடப் போகுது" என்றேன்.

இரண்டு வருடம் ஆகப் போகிறது. இன்னும் அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

வங்கிக் கவுண்டரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாயில் வருகிற வரிதான் அது. ஏடிஎம் கார்டைத் தொலைத்தவருக்கும் அதே, செக் பாஸ் ஆகவில்லை என்று பதறுபவருக்கும் அதே. ஆனால் அன்று அதைச் சொன்னபோது எனக்கு ஒரு விஷயம் தெரியும். முந்தின நாள் மாலை அவருடைய கணவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தார். "மொத்தத்தையும் ஆர்டிஜிஎஸ் பண்ணணும், நான் ஒருத்தன் கையெழுத்து போட்டா போதும்ல?" ஆர்டிஜிஎஸ் என்றால் பெரிய தொகையை வேறு கணக்குக்கு அனுப்புவது. போதும் சார் என்றேன். கணவன் மனைவி இருவர் பேரிலும் இருந்த கணக்கு, 'ஐதர் ஆர் சர்வைவர்' வகை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அடுத்து, "மெசேஜ் அவங்க போனுக்குப் போகுமா?" பதிவாகியிருந்தது கணவருடைய எண் மட்டும்தான். அதையும் சொன்னேன். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போனார்.

அந்த இரண்டாவது கேள்விக்கு வேறு அர்த்தம் இருக்க முடியாது. வீட்டுக்குத் தெரிந்து செய்கிறவர் மெசேஜைப் பற்றி ஏன் கேட்கப் போகிறார்?

மறுநாள் பதினொரு மணிக்கு மனைவி வந்தார், பாஸ்புக் பதிய. பிரிண்டர் கறகறவென்று மூன்று பக்கம் ஓட்டியது. வாங்கிக் கடைசி வரியில் விரலை வைத்து, உதடு அசைய ஒவ்வோர் இலக்கமாக எண்ணிப் பார்த்தார். 11 லட்சத்துச் சொச்சம். "வீட்ல பிரச்சினை மேடம். கேஸ் வரைக்கும் போகும்போல இருக்கு" என்றார். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. பாஸ்புக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டரை மணிக்குக் கணவர் வந்தார். படிவம் சரியாக இருந்தது, கையெழுத்து பொருந்தியது, பணம் போனது.

நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுதிக் கொடுத்தாக்கூடப் போதும்மா, அப்புறம் ரெண்டு கையெழுத்தும் இல்லாம பணம் வெளியே போகாது." பத்து நொடி. இதில் கணவர் வந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. யார் கேட்டாலும் சொல்லக்கூடிய நடைமுறைதான்.

சொல்லாததற்கு என்னிடம் காரணங்கள் உண்டு, நல்ல காரணங்களே உண்டு. வங்கித் தேர்வுக்குப் படிக்கும்போது எல்லோரும் உருப்போடுகிற டூர்னியர் வழக்கு, 1924. வாடிக்கையாளரின் ரகசியத்தை வங்கி நான்கே சந்தர்ப்பங்களில் வெளியிடலாம்: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலக் கடமை இருந்தால், வங்கியின் நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால். பாவமாக இருந்தது என்பது அந்த நான்கில் இல்லை. கணவரும் என் வாடிக்கையாளர்தான். அந்தப் பணம் யாருடையது என்றும் எனக்கு அப்போது தெரியாது. கணவரின் சம்பளமாகக்கூட இருந்திருக்கலாம். வங்கியைப் பொறுத்தவரை இருவரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்தது. உரிமை யாருக்கு என்பது அவர்களுக்குள் தீர வேண்டிய வழக்கு.

இப்படியெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொள்வேன். கேட்க நன்றாகவே இருக்கும். அப்புறம் ஒன்று உறுத்தும்: அன்று நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லையே. "எங்கே போயிடப் போகுது" என்று தைரியம் வேறு சொல்லி அனுப்பினேன். ரகசியம் காத்ததாக வைத்துக்கொண்டாலும், அந்த வரியை எந்தச் சட்டம் என்னைச் சொல்லச் சொன்னது?

அவர்கள் பேரில் இருந்த டெபாசிட் மட்டும் பிழைத்தது. என்னால் இல்லை. அதுவும் 'ஐதர் ஆர் சர்வைவர்'தான், ஆனால் முதிர்வுத் தேதிக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். கணவர் அதையும் கேட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். லாக்கரும் இருவர் பேரில். அந்த வாரம் அவர் ஒரு தடவை திறந்திருந்தார். பதிவேட்டில் நேரமும் கையெழுத்தும்தான் இருக்கும், என்ன எடுத்தார் என்பது இருக்காது. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே சொந்தம், கணவன் அதில் பங்காளி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரி, எந்த நகை, எத்தனை பவுன் என்று அந்தப் பெண்தானே பில்லும் போட்டோவும் தேட வேண்டும்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நான் கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நாமினி என்றால் வாரிசு ஆகிவிட மாட்டார், விவாகரத்து ஆனால் நாமினி பெயர் தானாக மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்து போட்டிருந்தால், தீர்ப்பில் வீடு யாருக்குப் போனாலும் வங்கி இருவரையும் கேட்கும். இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் வந்தார், மனைவியோடு சண்டை என்றார். ஒருவர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்ற அந்தக் கடித விஷயத்தை அவருக்கும் சொன்னேன். மாலையே எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கு நின்றது. அடுத்த வாரம் அவர் மனைவி பள்ளிக் கட்டணச் சீட்டோடு என் முன்னால் நின்றார். அந்த மனைவியின் சம்பளமும் அதே கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது. "யார் மேடம் இவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, சொன்னதும் தப்பாகத்தான் போனது. இதை வைத்து முதல் விஷயத்தில் நான் செய்தது சரி என்று ஆக்கப் பார்த்தேன். ஆகவில்லை.

முதல் பெண் போன வருடம் திரும்ப வந்தார். ஜீவனாம்ச வழக்கு. 2020-இல் வந்த ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக அவருக்கு ஸ்டேட்மென்ட் வேண்டும். தன் அப்பாவின் நிலத்தை விற்றதில் தனக்கு வந்த பங்குதான் அந்தப் பணத்தில் பெரும்பகுதி என்று அன்றுதான் சொன்னார். செக் வரவான வரியையும் காட்டினார். நல்லவேளை, அந்த வரியாவது இருந்தது.

பக்கம் பக்கமாக முத்திரை குத்திக் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்டிஜிஎஸ் போன பக்கம் வந்ததும் தேதியின் மேல் விரலை வைத்தார்.

"அன்னிக்குக் காலைல நான் இங்க வந்தேன்ல மேடம்?"

"ஆமாம்மா."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.