கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டி

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் தீட்டி முடித்த ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடும் ஸ்டவர் ஆற்றின் ஆழமற்ற நீரில் ஒரு வெற்று வண்டி நிற்கிறது. கரையிலிருந்து ஒரு நாய் அதைப் பார்க்கிறது. வலப்புறம் தொலைவில், வெயில் விழும் புல்வெளியில், புல்லறுப்பவர்கள் வெறும் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். இவ்வளவு சாதாரணமான காட்சிக்கு ஆறடி அகலத் துணியை ஒதுக்கியதுதான் அவருடைய துணிச்சல் என்பேன்.

இடப்புறமுள்ள வீடு வில்லி லாட் என்ற விவசாயி வாழ்ந்தது. பக்கத்திலிருந்த ஃபிளாட்ஃபோர்டு ஆலையை ஓவியரின் தந்தை நடத்திவந்ததால், அந்த ஆற்றங்கரை அவருக்குச் சிறுவயது முதலே பழக்கம். ஆயினும் அவர் இதைத் தீட்டியது லண்டனில், பழைய கள ஓவியங்களைத் துணையாகக் கொண்டு. அதே அளவில் அவர் முதலில் தீட்டிப் பார்த்த முன்வரைவு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முரட்டுத் தூரிகைத் தடங்கள்தாம், உண்மையைச் சொன்னால், எனக்கு அதிகம் பிடிக்கும்.

முடிந்த படத்தில் என் கண் முதலில் போவது குதிரைச் சேணத்தின் சிவப்புக்கு. சுற்றிலும் பச்சையும் பழுப்புமாக இருப்பதால், அந்தச் சிறு சிவப்பு மொத்தப் படத்தையும் துலக்கிவிடுகிறது.

லண்டன் ராயல் அகாதெமி கண்காட்சியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற தலைப்பில் வைக்கப்பட்டபோது இது விலைபோகவில்லை. 1824-இல் பாரிஸ் கண்காட்சியிலோ இதற்குப் பிரெஞ்சு மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது.