அரை பைண்ட் கடை

லண்டன்ல மாஸ்டர்ஸ் படிச்சப்ப ஸ்டூடண்ட் விசாவுல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அந்த 20 மணி நேரமும் சோஹோவுல ஒரு பப்ல கிளாஸ் பொறுக்கி கழுவுற வேலை. பேர் வேணாம். மேட்ச் நாள்ல நாலு டிவியும் அலறும், ஒரு கையில ஆறேழு பைண்ட் கிளாஸ அடுக்கி நெஞ்சோட சாச்சுகிட்டு கூட்டத்துல பூந்து வரணும், ரூமுக்குப் போய் படுத்தாலும் காதுல அந்த இரைச்சல் நிக்காது.

அதனாலயே ஷிப்ட் சீக்கிரம் முடியுற நாள்ல அதே சோஹோவுல, டீன் ஸ்ட்ரீட்ல இருக்குற தி பிரெஞ்ச் ஹவுஸ்ங்கிற பப்புக்குப் போக ஆரம்பிச்சேன். டிவி இல்ல, பாட்டு இல்ல, போன் பேசவும் கூடாது, அம்மா கூப்பிட்டா ரோட்டுக்கு ஓடிவந்து "வேலையில இருக்கேம்மா"ன்னு சொல்வேன் (பாதி உண்மைதான்). ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரெஞ்சுத் தலைவர் டி காலோட ஆளுங்க வந்து கூடுன இடம், அப்போ பேரு யார்க் மின்ஸ்டர், 1984லதான் இந்தப் பேரு. பிரான்சிஸ் பேகன், லூசியன் ஃபிராய்டுனு பெரிய ஓவியர்லாம் இங்க நின்னு குடிச்சவங்க.

ஆனா எனக்கு கண்ணு போனது கிளாஸ் மேலதான். இங்க பீர் அரை பைண்ட் மட்டும்தான், 284 மில்லி. ஒரு காலத்துல மாலுமிங்க பைண்ட் கிளாஸாலயே அடிச்சுகிட்டாங்க, அதுலருந்து இப்படின்னு ஒரு கதை. ஏப்ரல் 1 மட்டும் பைண்ட் ஊத்துவாங்க. கேக்குறவங்க ரசிப்பாங்க, எனக்கு தோணுனது, அடப்பாவிகளா, அதே பீருக்கு ரெண்டு மடங்கு கிளாஸ் கழுவணுமே! அங்க கிளாஸ் எடுக்குற பையன பாத்தா பாவமா இருக்கும், கிளம்பும்போது என் கிளாஸ நானே கொண்டுபோய் கவுண்டர்ல வச்சிடுவேன்.

1953ல வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸ் தன்னோட நாடகப் பிரதிய சோஹோவுல ஏதோ பப்ல விட்டுட்டுப் போயிட்டாரு, நல்லவேளை தேடி எடுத்துட்டாங்க, அது இந்த பப்தான்னு இங்க வர்றவங்க அடிச்சு சொல்வாங்க. அத கேட்டதுலருந்து எங்க பப்ல மேசையில கிடக்குற பேப்பர குப்பையில போடுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாக்குற பழக்கம் வந்துருச்சு. பெரும்பாலும் பில்லு, டிரெயின் டிக்கெட். ஒரே ஒரு தடவ யாரோ எழுதுன ராஜினாமா லெட்டர் கிடைச்சுது, சாஸ் கறையோட. எடுத்து வச்சேன். மறுநாள் சாயங்காலமே ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாரு, தேதி மட்டும் இன்னும் போடல.